மாலகா: வெயிலை விற்கும் ஊர்

டிகிரி முடிந்து, வேலைக்குப் போய், நாலு காசு சேர்ந்ததும் முதல் வெளிநாட்டுப் பயணம் எங்கே என்ற பேச்சு எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும். தாய்லாந்து, துபாய்க்கு அடுத்தபடியாக அடிபடும் பெயர் ஸ்பெயின். கால்பந்து ஒரு காரணம். 2011இல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' படம் இன்னொரு காரணம். ஸ்பெயினில் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் ஆளாளுக்கு முழிப்பார்கள். வெயில் இருக்க வேண்டும், கடல் இருக்க வேண்டும், செலவு பார்சிலோனா அளவுக்கு ஆகிவிடக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துத் தேடினால் வந்து நிற்கும் ஊர் மாலகா. (மலேசியாவில் இருக்கிற மலாக்கா இல்லை. டிக்கெட் போடும்போது எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்!)

ஸ்பெயினின் தெற்கு ஓரத்தில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மக்கள்தொகை ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கரைக்கே கோஸ்தா தெல் சோல், அதாவது சூரியக் கடற்கரை என்று பெயர். வருடத்தில் 300 நாள் வெயில் என்பது அந்த ஊர் விளம்பரங்களில் மறக்காமல் வரும் வரி.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும், இதை யார் விற்கிறார்கள், எப்போதிலிருந்து விற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். மாலகாவில் வெயில் காலங்காலமாக அடிக்கிறது. அதற்கு விலை வந்து சுமார் 130 வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த ஊர் விற்ற சரக்குகள் வேறு: உப்பு மீன், ஒயின், உலர்திராட்சை, இரும்பு. ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போன பிறகு மிஞ்சியது வெயில். நாலு நாளுக்கு ஒரு பயணத் திட்டம் போடலாம் என்று உட்கார்ந்தேன், அது இப்படி ஒரு சரித்திரக் கட்டுரையில் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதல் நாள் காலையில் நேராக அல்கசபில்யா தெருவுக்குப் போய்விடுங்கள். நின்ற இடத்திலிருந்து தலையை நிமிர்த்தினாலே போதும். கீழே ரோமானியர் கட்டிய அரைவட்ட நாடக அரங்கம். அதற்கு மேலே மலைச்சரிவில், முஸ்லிம் ஆட்சியாளர்கள் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அல்கசாபா கோட்டை. உச்சியில் 14ஆம் நூற்றாண்டின் ஹிப்ரல்ஃபாரோ கோட்டை. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் ஒரே பார்வையில்.

இந்த ரோமானிய அரங்கம் அகஸ்டஸ் காலத்தது. 1951 வரை அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. அதன் மேல் ஒரு கலாசார மாளிகையைக் கட்டி, முன்னால் தோட்டம் போடத் தோண்டியபோதுதான் கல்படிகள் தென்பட்டன. அதற்குப் பிறகும் மாளிகை பல வருடம் அரங்கத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. 1995இல்தான் இடித்தார்கள். உள்ளே இருந்த கலாசாரத்தை வெளியே எடுக்கக் கலாசார மாளிகையை இடிக்க வேண்டியிருந்தது!

அரங்கத்தின் தூண்களைத் தேடினால் கிடைக்காது. மேலே அல்கசாபாவுக்கு ஏறிப் போங்கள். அங்கே சில வாசல் வளைவுகளைத் தாங்கி நிற்பவை இந்த ரோமானியத் தூண்கள்தான். புதிதாகக் கட்ட வந்தவர்களுக்குப் பழைய கட்டடம் கல்குவாரி ஆகிவிட்டது. (ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் அல்கசாபாவுக்குள் போக இலவசம். மாணவர்கள் குறித்துக்கொள்ளவும்.)

ரோமானியருக்கும் முன்னால் வந்தவர்கள் ஃபினீஷியர்கள், அதாவது இன்றைய லெபனான் கடற்கரையிலிருந்து கிளம்பிய வணிகர்கள். இவர்கள் இட்ட பெயர் மலாக்கா, ரோமானியர் நாவிலும் அதுதான். அந்தக் காலத்து ஏற்றுமதிச் சரக்கு மீன். உப்பிட்ட மீன், பிறகு மீன் குடலை உப்போடு சேர்த்து வெயிலில் ஊறவைத்து வடித்த காரும் என்ற சாறு. ரோமாபுரிச் சமையலில் இது இல்லாமல் எதுவும் இல்லை. 2003இல் திறந்த பிக்காசோ அருங்காட்சியகத்துக்குப் போனால் ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். அதன் அடித்தளத்தில் ஃபினீஷியர் காலத்து மதில் மிச்சங்கள் இருக்கின்றன.

இன்னொரு பொருளையும் சொல்லியாக வேண்டும், அது மாலகாவில் இல்லை என்றாலும். 1851இல் ஊருக்கு வெளியே மண் தோண்டியவர்கள் கையில் வெண்கலப் பலகைகள் அகப்பட்டன. உருக்குவதற்குப் போக இருந்தவற்றை லோரிங் என்ற பணக்காரக் குடும்பம் வாங்கிக் காப்பாற்றியது. படித்துப் பார்த்தால், டொமிஷியன் சக்கரவர்த்தி காலத்தில் மாலகாவுக்குக் கொடுக்கப்பட்ட நகராட்சிச் சட்டம்! தேர்தல் எப்படி நடக்க வேண்டும், பொதுப்பணத்தைக் கையாளப்போகிறவர் முன்கூட்டியே என்ன ஜாமீன் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன்பே ஜாமீன் கட்ட வேண்டுமாம். நம் கம்பெனிச் சட்டப் பேராசிரியர் கேட்டால் மகிழ்ந்து போவார். அந்தப் பலகைகள் இப்போது மாட்ரிட்டில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மாலையில் ஹிப்ரல்ஃபாரோவுக்கு ஏறுங்கள். எல்லோரும் சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுக்க ஏறும் இடம். 1487 மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை, மூன்றரை மாதம், இங்கே ஹமெத் எல் ஸெக்ரி என்ற தளபதி ஃபெர்டினாண்டு, இசபெல்லா படைகளை எதிர்த்து நின்றார். மேலேயிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். அன்றைக்கு அங்கே நின்றவை கப்பல் வழியை அடைத்த எதிரிக் கப்பல்கள். ஊருக்குள் சாப்பாடு தீர்ந்து குதிரையையும் நாயையும் தின்றார்கள். கடைசியில் சரண்.

அடுத்து நடந்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஊர் முழுவதும் கைதி. மீட்புத்தொகை தலைக்கு 30 தங்க டோப்லா. தனித்தனியாகக் கட்ட முடியாது, மொத்த ஊருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் தவணையாகக் கையில் இருக்கிற நகை, தங்கம், பட்டு எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், பாக்கியைக் கெடுவுக்குள் கட்ட வேண்டும். கெடு தவறினால் எல்லோரும் அடிமை, கொடுத்ததும் திரும்பாது. வீட்டையும் தொழிலையும் இழந்து கைதியாக இருப்பவன் பாக்கியை எங்கிருந்து கட்டுவான்? கட்ட முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு மக்களை ஆப்பிரிக்காவில் இருந்த கிறிஸ்தவக் கைதிகளுக்கு மாற்றாக வைத்துக்கொண்டார்கள், ஒரு பங்கைப் போரிட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், ஒரு பங்கைப் போர்ச் செலவுக்காக விற்றார்கள். நூறு பேரைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார்கள். அலி தோர்தூக்ஸ் என்ற வணிகர் மட்டும் முன்கூட்டியே பேரம் பேசித் தன்னைச் சேர்ந்த குடும்பங்களைக் காப்பாற்றிக்கொண்டார். மாலகாவின் கணக்குப் புத்தகத்தில் சரக்கு என்ற தலைப்பில் மனிதர்களும் ஒருமுறை ஏறினார்கள்.

கதீட்ரலைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. மசூதி இருந்த இடத்தில் 1528இல் ஆரம்பித்து 1782இல் பாதியில் நிறுத்திய கட்டடம். இரண்டு கோபுரத்தில் ஒன்று முடியவில்லை. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'லா மன்கித்தா', ஒற்றைக்கை அம்மா. காசு அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் போய்விட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். அதே ஊரில், சாலை போடப் போய்விட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கதைதான் நம்பும்படி இருக்கிறது, பட்ஜெட் என்றால் அப்படித்தானே?

இரண்டாவது நாளை நான் 19ஆம் நூற்றாண்டுக்கு ஒதுக்குவேன். பயணப் புத்தகங்கள் நாலே வரியில் தாண்டிப் போகிற பகுதி இது. மாலகா ஒரு காலத்தில் தொழில் நகரம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? மனுவேல் அகுஸ்தின் எரேதியா என்ற வியாபாரி வடக்கே ரியோஹாவிலிருந்து வந்தவர். 1826இல் மார்பெல்யா பக்கத்தில் ஓர் இரும்பாலை, 1830களில் மாலகாக் கடற்கரையிலேயே இன்னொன்று. ஸ்பெயினில் ஊதுலையை வைத்து நவீன முறையில் இரும்பு எடுக்க ஆரம்பித்த முதல் ஆலைகளில் இவை சேரும். அதே சமயம் வடக்கே பாஸ்க் பகுதியில் உள்நாட்டுப் போர் (1833 முதல் 1840 வரை). அங்கே உலைகள் அணைந்தன, இங்கே ஆர்டர் குவிந்தது. 1840களின் நடுவில் ஸ்பெயினின் வார்ப்பிரும்பில் பாதிக்கு மேல் மாலகாவிலிருந்து வந்தது. 1846இல் லாரியோஸ் குடும்பம் பருத்தி ஆலையும் தொடங்கியது. பார்சிலோனாவுக்கு அடுத்த தொழில் நகரம் என்று சொல்லும் நிலை.

பிறகு என்ன ஆயிற்று? எரிபொருள். மாலகாப் பக்கத்தில் நிலக்கரி இல்லை. காட்டை வெட்டிக் கரி சுட்டார்கள், காடு தீர்ந்தது. இங்கிலாந்திலிருந்து நிலக்கரி வாங்கினால் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து கழுத்தை நெரித்தன. போர் முடிந்ததும் நிலக்கரி காலடியிலேயே இருந்த ஆஸ்தூரியாஸ் ஆலைகள் முந்திக்கொண்டன, பிறகு பாஸ்க் ஆலைகள். ஒரு டன்னுக்கு ஆகும் செலவில் தோற்ற ஆலையை எந்தப் பெயரும் பெருமையும் காப்பாற்றாது. மேற்குக் கடற்கரை நடைபாதையில் போனால், குளிக்கும் கூட்டத்துக்கு நடுவே உயரமான செங்கல் புகைபோக்கி ஒன்று நிற்கும். எரேதியாவினுடையது இல்லை, அவருக்குப் பிந்திய ஈயம் உருக்கும் ஆலையுடையது. ஆனாலும் தொழில் நகரம் என்று ஒன்று இருந்ததற்கு அதுதான் கண்ணில் படும் சாட்சி.

அன்றைக்கே, கிழக்குப் பக்கம் இருக்கும் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். 1831இல் பிரிட்டிஷ் கான்சல் வில்லியம் மார்க் முயற்சியால் வந்தது. ஸ்பெயின் பெருநிலத்தில் புராட்டஸ்டண்டுகளுக்குக் கிடைத்த முதல் கல்லறை நிலம். அதற்கு முன்னால், மாலகாவுக்கு ஒயின் வாங்க வந்து செத்துப்போன ஆங்கிலேயனை ராத்திரியில் கடற்கரை மணலில் நின்ற வாக்கில் புதைப்பார்களாம். அலை அடித்தால் வெளியே வந்துவிடும். அந்த நிலத்தின் ஆரம்பகாலப் புதைகுழிகளில் ஒன்று ராபர்ட் பாய்ட் என்ற இளைஞனுடையது. கொடுங்கோல் அரசனை எதிர்த்துத் தொர்ரீஹோஸ் தளபதியோடு கரையிறங்கி, பிடிபட்டு, 1831 டிசம்பர் 11 அன்று மாலகாக் கடற்கரையில் விசாரணை இல்லாமல் சுடப்பட்டவன். மற்றவர்கள் நினைவாக மெர்செத் சதுக்கத்தில் ஒரு தூண் நிற்கிறது. பிக்காசோ பிறந்த வீடு (1881) இருப்பதும் அதே சதுக்கத்தில்தான்.

இரும்பு போனாலும் திராட்சை இருந்தது. மாலகாவுக்குக் கிழக்கே அக்சார்க்கியா என்ற மலைப்பகுதி. செங்குத்தான சரிவில் மஸ்கட் திராட்சை. பழத்தைப் பறித்து, தெற்கு நோக்கிச் சரிவாகப் போட்ட களங்களில் பரப்பிக் காயவைப்பார்கள். இந்தக் களத்துக்குப் பசேரோ என்று பெயர். பகலில் வெயிலைக் குடித்துக் காய்ந்த பழம் பெட்டி பெட்டியாக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. யோசித்தால், மாலகா வெயிலை ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது அப்போதே. பெட்டியில் அடைத்து, திராட்சை வடிவத்தில்.

1878இல் மொக்லினேஹோ கிராமத்துத் தோட்டம் ஒன்றில் கொடிகள் காரணமில்லாமல் பட்டுப்போயின. ஃபிலோக்ஸெரா. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பேன் மாதிரியான பூச்சி. வேரை உறிஞ்சிக் கொன்றுவிடும். பிரான்ஸை ஏற்கெனவே அழித்துக்கொண்டிருந்தது. ஸ்பெயினில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான். சில வருடங்களில் மாகாணம் முழுவதும் பரவியது. மருந்து கிடையாது. ஒரே வழி, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியை நட்டு, அதன்மேல் உள்ளூர்க் கொடியை ஒட்டுப் போடுவது. அதற்குக் கையில் முதல் வேண்டும், காய்ப்புக்கு வரும்வரை சில வருடம் சாப்பிடவும் வேண்டும். மலைச்சரிவில் துண்டு நிலம் வைத்திருந்தவனிடம் இரண்டும் இல்லை. அதற்குள் கலிஃபோர்னியா உலர்திராட்சை சந்தையைப் பிடித்துவிட்டது. கொடி போன மலையில் பல இடங்களில் எதுவும் திரும்ப வரவில்லை.

ஊரே காலியாக ஆரம்பித்தது. 1907 மார்ச்சில் ஹெலியோபோலிஸ் என்ற கப்பல் மாலகாத் துறைமுகத்திலிருந்து 2,200க்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஹவாய்! கரும்புத் தோட்ட வேலைக்கு, உலகத்தின் மறுபக்கத்துக்கு. ஹெலியோபோலிஸ் என்றால் கிரேக்க மொழியில் சூரிய நகரம். சூரிய நகரத்தில் பிழைக்க வழியில்லாமல் சூரிய நகரம் என்ற கப்பலில் ஏறிப் போனார்கள்.

இந்தச் சமயத்தில்தான், 1897இல், ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'மாலகாவின் தட்பவெப்பத்தைப் பரப்பவும் ஊரை அழகுபடுத்தவுமான சங்கம்'. அடேங்கப்பா! இரும்பு போச்சு, திராட்சை போச்சு, இனி தட்பவெப்பத்தை விற்போம் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அவர்கள் விற்க நினைத்தது கோடையை இல்லை, குளிர்காலத்தை. அன்றைய பணக்கார ஐரோப்பியன் வெயிலில் கறுப்பதை விரும்பவில்லை. நெஞ்சுச்சளியோடு வந்து டிசம்பர், ஜனவரியை இதமாகக் கழிக்க இடம் தேடினான். 1891இல் திறந்த லாரியோஸ் தெரு (இன்றைக்கும் ஊரின் கடைத்தெரு, வாகனம் போகாது), கடலைத் தூர்த்து உண்டாக்கிய பூங்கா, 1926இல் திறந்த பெரிய ஓட்டல் எல்லாம் அந்தக் காலத்து முதலீடுகள்.

நடுவில் ஒரு நல்ல கதை. 1900 டிசம்பரில் ஜெர்மானியக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் நைசனாவ் துறைமுக வாசலில் புயலில் மோதி உடைந்தது. மாலகாக்காரர்கள் படகை எடுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள், அதில் சிலர் உயிரையும் விட்டார்கள். 1907 செப்டம்பரில் குவாதல்மெதினா ஆற்று வெள்ளம் ஊர்ப் பாலங்களை அடித்துக்கொண்டு போனபோது, ஜெர்மனி பழைய கடனை நினைத்து ஓர் இரும்புப் பாலம் கட்டிக் கொடுத்தது. ஜெர்மானியர் பாலம் என்று இன்றைக்கும் நடந்து கடக்கலாம்.

மூன்றாவது நாள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மாலகாவிலிருந்து கிழக்கே கடலோரமாக அல்மேரியா வரை ஒரு சாலை போகிறது, சுமார் 200 கிலோமீட்டர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல். 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் ஆரம்பித்தபோது மாலகா குடியரசுப் பக்கம் நின்றது. அங்கே நடந்ததெல்லாம் நல்லது என்று சொல்ல முடியாது. 1931லேயே தேவாலயங்களை எரித்த ஊர். போர் வந்ததும், எதிரி விமானம் குண்டு போட்டால் சிறையில் இருந்த வலதுசாரிகளை வெளியே இழுத்துச் சுட்டார்கள். செவில் வானொலியில் கெய்ப்போ தெ ல்யானோ என்ற ஃபிராங்கோ தளபதி, மாலகாவுக்கு வந்து என்ன செய்வோம் என்று ராத்திரிதோறும் மிரட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பிடிபட்ட ஊர்களிலிருந்து ஓடிவந்த அகதிகளால் மாலகா நிரம்பி வழிந்தது. அந்த மிரட்டல் வெறும் பேச்சு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், நேரிலேயே பார்த்துவிட்டு வந்தவர்கள்.

1937 பிப்ரவரி 8 அன்று ஃபிராங்கோ படையும் முசோலினி அனுப்பிய இத்தாலியப் படையும் ஊருக்குள் நுழைந்தன. அதற்கு முந்தைய நாளே ஊர் கிளம்பிவிட்டது. திறந்திருந்த ஒரே வழி அந்தக் கிழக்குச் சாலை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், கழுதையிலும் நடையிலும். கடலிலிருந்து கனாரியாஸ், பலேயாரெஸ், அல்மிரந்தே செர்வேரா என்ற மூன்று போர்க்கப்பல்கள் சாலையைப் பார்த்துச் சுட்டன. வானத்திலிருந்து விமானங்கள். பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒளிய இடமில்லை. குடியரசின் கடற்படை கார்த்தஹேனாவில் நின்றது, வரவில்லை. இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. 3,000 முதல் 5,000 வரை என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள்.

நார்மன் பெத்யூன் என்ற கனடா நாட்டு டாக்டர், போர்முனைக்கே ரத்தத்தைக் கொண்டுபோய் ஏற்றும் வண்டியோடு மாலகாவை நோக்கி வந்துகொண்டிருந்தார். வழியில் எதிரே இந்தக் கூட்டம். வண்டியில் இருந்த கருவிகளை இறக்கிவிட்டு, முதலில் குழந்தைகள் என்று ஏற்றி, அல்மேரியாவுக்கும் சாலைக்குமாக மூன்று நாள் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். கூட வந்த ஹேசன் சைஸ் எடுத்த புகைப்படங்களோடு பெத்யூன் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நடந்தது உலகத்துக்கு ஓரளவாவது தெரிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. (பெத்யூன் பிறகு சீனா போய் 1939இல் அங்கேயே இறந்தார். அவரைப் பற்றி மாவோ கட்டுரை எழுதியதால் சீனக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் பெயர் தெரியும்.)

இரண்டரை மாதம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, வடக்கே குவெர்னிகா ஊர் குண்டுவீச்சில் எரிந்தது. வெளிநாட்டு நிருபர்கள் உடனே எழுதினார்கள். பாரிஸில் இருந்த பிக்காசோ அதை வரைந்தார். இன்றைக்கு அந்தப் படத்தைத் தெரியாதவர் இல்லை. அவர் பிறந்த ஊரின் சாலையை வரைய யாரும் இல்லை. ஒரு சம்பவம் சரித்திரத்தில் நிற்பதற்குச் செத்தவர்களின் எண்ணிக்கை போதாது, பக்கத்தில் சாட்சி இருக்க வேண்டும் போலிருக்கிறது. தப்பிய சாட்சிகளும் அடுத்த நாற்பது வருடம் வாய் திறக்க முடியவில்லை. ஊரில் தங்கியவர்களை ராணுவக் கோர்ட் விசாரித்துச் சுட்டது. சான் ரஃபாயேல் மயானத்தில் 2006 முதல் 2009 வரை தோண்டி எடுத்த உடல்கள் மட்டும் 2,840. அந்த வழக்குகளில் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்த கார்லோஸ் அரியாஸ் நவார்ரோவை 'மாலகாவின் கசாப்புக்காரன்' என்பார்கள். 1975 நவம்பர் 20 அன்று டெலிவிஷனில் தோன்றி, ஃபிராங்கோ இறந்துவிட்டார் என்று தழுதழுத்த குரலில் அறிவித்த பிரதமர் அவரேதான்.

ஆக, மூன்றாவது நாள் என்ன செய்யலாம்? நகரத்தின் கிழக்குக் கோடியில், பெஞ்ஞோன் தெல் குவெர்வோ கடற்கரைப் பக்கம் கனடாக்காரர்கள் நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. 2006இல் பெத்யூன் குழுவின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். அங்கே போய்க் கடலைப் பார்த்து நில்லுங்கள். கப்பல்கள் எவ்வளவு அருகில் வந்திருக்க முடியும் என்பது கண்ணுக்கே தெரியும். சான் ரஃபாயேலில் பெயர்கள் பொறித்த பிரமிடு ஒன்றும் இருக்கிறது.

இப்போது கணக்கின் கடைசிப் பக்கம். 1959இல் ஃபிராங்கோ அரசின் கஜானா கிட்டத்தட்டக் காலி. டாலருக்கு 42 பெசெட்டா என்றிருந்த மதிப்பை 60 ஆகக் குறைத்தார்கள். அதாவது 100 டாலரோடு வந்தவனுக்கு 4,200 பெசெட்டாவுக்குப் பதில் 6,000. மேற்கு ஐரோப்பியர்களுக்கு விசா தேவையில்லை என்றும் ஆக்கினார்கள். அதே வருடம் மாலகாவை ஒட்டிய மீனவக் கிராமம் டோரெமோலினோஸில் பெஸ் எஸ்பாதா என்ற பெரிய ஓட்டல் திறந்தது. (1964இல் ஃபிராங்க் சினாட்ரா இங்கே ரகளை செய்து, அபராதம் கட்டி, நாட்டை விட்டே அனுப்பப்பட்டார்.) 1960இல் ஸ்பெயினுக்கு வந்தவர்கள் சுமார் 60 லட்சம், 1973இல் 3 கோடி 40 லட்சத்துக்கு மேல். 1897ஆம் வருடச் சங்கம் கண்ட கனவு, ஒரு சர்வாதிகாரி அந்நியச் செலாவணிக்குத் தவித்தபோது பலித்தது. குளிர்காலத்துக்குப் பதில் கோடை. பணக்காரனுக்குப் பதில் சார்ட்டர் விமானத்தில் வரும் ஆலைத் தொழிலாளி. அகதிகள் நடந்த சாலையின் ஓரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் ஓட்டல்களும் ஐஸ்கிரீம் கடைகளும் வந்தன. அங்கே படுத்து வெயில் காய்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரியாது. தெரிந்த உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

2024இல் மாலகா விமான நிலையம் வழியாகப் போய்வந்தவர்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பேர். அதே வருடம் ஜூன் மாதம், வீட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை, இருக்கிற வீடெல்லாம் டூரிஸ்ட்டுக்குப் போய்விட்டது என்று ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். 2025 தொடக்கத்தில் நகராட்சி 43 குடியிருப்புப் பகுதிகளில் புதிய சுற்றுலா வீடுகளுக்கு அனுமதியை நிறுத்தியது. வெயிலை விற்கிற ஊரில், அந்த வெயிலில் குடியிருக்க உள்ளூர்க்காரனுக்கு இடம் கிடைப்பதில்லை. தங்குவதற்கு நான் யோசனை கேட்டால் ஹாஸ்டல் அல்லது சின்ன ஓட்டல் என்பேன். ஒரு குடும்பம் குடியிருக்க வேண்டிய ஃபிளாட்டை நாலு ராத்திரிக்கு எடுக்க மனம் வரவில்லை. செலவில் பெரிய வித்தியாசமும் இருக்காது.

நாலாவது நாள் உங்கள் இஷ்டம். கடற்கரைக் கடைகளில் பழைய படகில் மணல் கொட்டி நெருப்பு மூட்டி, மத்தி மீனை மூங்கில் போன்ற குச்சியில் கோத்துச் சுடுவார்கள், எஸ்பெத்தோ என்று கேளுங்கள். அல்லது பஸ் பிடித்து அக்சார்க்கியா மலைக்குப் போகலாம். மஸ்கட் திராட்சை முழுவதும் அழிந்துவிடவில்லை, பசேரோக்களில் இன்றைக்கும் காயவைக்கிறார்கள். 2017இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு அதைப் பாதுகாக்க வேண்டிய பாரம்பரிய விவசாய முறையாக அறிவித்தது. களத்தில் பழம் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி. ஷெங்கன் விசாவுக்கு நவம்பரிலேயே அலைய ஆரம்பிக்க வேண்டும். ஓட்டல் வாடகை குறைவு, கூட்டம் குறைவு, பகலில் 17 டிகிரி இதமான வெயில். 1897 சங்கத்தார் விற்ற அதே சரக்கு. அந்த மாதம்தான் மாலகாவிலிருந்து அல்மேரியா நோக்கி அந்தச் சாலையில் நினைவு நடைபயணம் ஒன்று போகிறது, முதல் நாள் மட்டும் கூட நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடலாம். கடலில் குளிக்க மட்டும் முடியாது, தண்ணீர் சில்லென்று இருக்கும்.